ஒரு நாள் போதுமோ எண்டு கேட்டவர்களுக்கு

ஒரு நாள் போதுமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.
பறங்கிக்கு இந்த இராசதானியைப் பிடிக்க
அறுபது வருசம் போனது.
நீங்கள் வெள்ளனவே வெளிக்கிட்டால்
மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் முடிக்கலாம்.

இராசதானி எண்டவுடனை
மதிலும் அகழியும் மனசுக்குள்ளை கட்டிக்கொண்டு
வராதேங்கோ.
கொண்டுவந்ததை இறக்கிவைக்க என்னட்டை இடமில்லை.
இரண்டே அறை.
ஒண்டுக்குத்தான் ஃபான் ஒழுங்காய்ச் சுத்தும்.

பருத்தித்துறை வீதியாலை வாங்கோ.
வளவு ஒண்டுக்குள்ளை
ஒரு தோரணவாசல் தனிய நிற்கும்.
உள்ளுக்குப் போற வாசலோ
வெளியிலை வாற வாசலோ எண்டு தெரியாது,
இப்ப இரண்டு பக்கமும் வெளிதான்.
நடுவிலை ஒரு ஆடு நிழலுக்குப் படுத்திருக்கும்.
அது எழும்பாது.
நீங்கள் சுத்திப் போங்கோ.

மந்திரிமனை கிட்டத்தான்.
அந்த மந்திரி இருந்ததோ,
பிறகு ஆரோ கட்டினதோ எண்டு
படிச்ச ஆக்கள் இன்னும் பிடுங்குப்படுகினம்.
சுவருக்கு மந்திரியைத் தெரியாது.
கரியாலை பேர் எழுதிப்போட்டுப் போன
சோடிகளைத்தான் தெரியும்.

யமுனா ஏரி எண்டு கேட்டுப் போனால்
ஏமாந்துபோவீங்கள், அது கேணி.
‘ப’ எழுத்துப்போல வெட்டியிருக்கு.
ஏன் ‘ப’ எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது.
பட்டணம், படை, பறங்கி, பாசி,
உங்களுக்கு விருப்பமான சொல்லை நீங்களே எழுதிப்பாருங்கோ.
காவடியிலை யமுனைத் தண்ணி கொண்டந்து
ஊத்தினது எண்டு ஒரு கதை.
போன கிழமை பார்க்க
மழைத்தண்ணியும் ஒரு சோடாப் போத்திலும்.

இனி எல்லாரும் கேக்கிற கேள்வி:
அரண்மனை எங்கை?

தஞ்சாவூரிலையிருந்து கோதண்டபாணி எண்டு ஒருத்தர் வந்தவர்,
நில அளவையிலை இருந்து பென்சன் எடுத்தவர்.
ஒரு பழைய படமும் அம்பது மீற்றர் ரேப்பும்.
வாசலிலை ஒரு நுனியை என்னட்டைத் தந்து
பிடி எண்டார்.
மற்ற நுனியோடை நடந்தார், நடந்தார்,
சீமெந்துக் கடை, சைக்கிள் திருத்திற இடம்,
வேலி, கோழிக்கூடு,
கடைசியிலை றோஸ்லின் வீட்டுக் குசினி.
குக்கர் கூவிக்கொண்டிருந்தது.
“இஞ்சதான் கொலுமண்டபம் இருந்திருக்கவேணும்”
எண்டார் மனுசன், தொண்டை கம்ம.
றோஸ்லின் அடுப்பைக் குறைச்சுப்போட்டுக் கேட்டாள்:
“அப்ப வாடகை இனி ஆருக்குக் குடுக்கிறது?”

அவருக்கு மறுமொழி இல்லை.
பருப்புக்கறியும் சோறும் இருந்தது,
இருந்து சாப்பிட்டார்.

பின்னேரம் கோட்டைக்குப் போங்கோ.
இஞ்சத்தைக் கல்லுகள் அங்கைதான் போனது எண்டு சொல்லுகினம்.
அந்தச் சுவரிலை துளைகள் இருக்கு.
எந்தத் துளை எந்தச் சண்டை எண்டு
பார்த்தவுடனை சொல்ல எனக்குத் தெரியும்.
கேக்காதேங்கோ.
கடல்காத்து நல்லாய் இருக்கும் அந்த நேரம்.

வேறை என்ன?
கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர்,
குடிக்கிறதுக்கு வேறை குடம் வைப்பன்.
நல்லூர்த் திருவிழா இருபத்தைஞ்சு நாளும்
அறை கேக்கவேண்டாம்,
அப்ப எனக்கே படுக்கிறதுக்கு இடம் இராது.
ரயில் பிந்தினால் பயப்படாதேங்கோ,
சாவி பூச்சட்டிக்குக் கீழை.

கோதண்டபாணி ரேப்பை மறந்துபோட்டுப் போயிட்டார்.
ஃபான் சுத்தாத அறையிலை ஆணியிலை தொங்குது.
அளக்க ஆசையெண்டால் எடுத்துக்கொண்டு போங்கோ,
ஆனால் குக்கர் மூண்டு தரம் கூவினாப் பிறகு
கதவைத் தட்டுங்கோ.